மார்ச் 20க்கு முன், பஸ்ஸில் கேட்கப் பத்துப் பாட்டு

தென்கொரியாவின் ஏழு பேர் கொண்ட பாட்டுக்குழு பிடிஎஸ்ஸின் புது ஆல்பம் 'அரிராங்' 2026 மார்ச் 20, வெள்ளிக்கிழமை வருகிறது. ஏழு பேரும் சேர்ந்து கடைசியாக ஆல்பம் வெளியிட்டது 2022 ஜூன் 10இல். இடையில் மூன்றே முக்கால் வருடம் போய்விட்டது. இந்த இடைவெளிக்குள் ஏ.எல் முடித்து வேலைக்குப் போகத் தொடங்கியவர்கள், தங்கச்சியின் போனில் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு "இவர்களுடைய மற்றப் பாட்டுகளை எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்பவர்கள், எனக்குத் தெரிந்தே நிறையப் பேர் இருக்கிறார்கள். இது அவர்களுக்காக எழுதுவது.

எல்லாப் பாட்டையும் கேட்டு முடிக்கவேண்டியதில்லை. காலையில் வேலைக்கோ வகுப்புக்கோ போகும் பஸ்ஸில் ஒரு பயணத்துக்குள் அடங்கும் பத்துப் பாட்டு போதும். ஆனால் அவை வந்த வருட வரிசையில் கேட்கவேண்டும், அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வரிசையாகக் கேட்டவருக்குத்தான் புதுப் பாட்டு ஓடும்போது எது மாறியிருக்கிறது, எது அப்படியே இருக்கிறது என்று காதில் விழும்.

முதலில் சில சொற்கள்

'கம்பேக்' என்றால் காணாமல் போனவர் திரும்பி வருவது என்று நினைக்கவேண்டாம். கொரிய இசை உலகில் ஒரு குழு புதுப் பாட்டோடு மேடைக்கு வரும் ஒவ்வொரு முறையும் கம்பேக்தான், நாலு மாத இடைவெளி என்றாலும் அதே சொல். இந்த முறை மட்டும் அந்தச் சொல்லுக்கு அதன் முழு அர்த்தமும் பொருந்துகிறது. தென்கொரியாவில் ஆண்களுக்கு இராணுவ சேவை கட்டாயம். ஏழு பேரில் ஜின் 2022 டிசம்பரில் முதலில் போனார், பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள், கடைசியாக சுகா தன் சேவையை முடித்தது 2025 ஜூன் 21இல். அடுத்த மாதம் ஜூலை 1ஆம் திகதி ஏழு பேரும் ஒன்றாக நேரலையில் வந்து, அடுத்த வசந்தத்தில் ஆல்பம் வரும் என்று சொன்னார்கள்.

ரசிகர்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆர்மி'. எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லை வீட்டுக்குள் சத்தமாகச் சொன்னால் பெரியவர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள், அது ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. நான் வீட்டில் "பிடிஎஸ் ரசிகை" என்றுதான் சொல்வேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள். குழுவின் முழுப்பெயர் 'பங்டான் சொன்யொந்தான்'. அதில் 'பங்டான்' என்றால் குண்டு துளைக்காதது. இளம் வயதுக்காரர் மேல் வந்து விழுகிற ஏச்சையும் எதிர்பார்ப்பையும் தடுத்து நிற்பது என்று அவர்களே அதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பெயரை வன்னியில் இருந்துகொண்டு வெறும் பெயராகக் கேட்க என்னால் முடியவில்லை.

படி 1: உங்கள் பஸ் நேரத்தை அளவெடுங்கள்

விசுவமடுவில் ஏறி கிளிநொச்சியில் இறங்க எனக்கு முக்கால் மணித்தியாலம் போகும். பத்துப் பாட்டும் சேர்ந்து ஏறக்குறைய 37 நிமிடம். ஏறி, இடம் பிடித்து, ரிக்கெற் எடுத்து, பையை மடியில் வைத்துவிட்டுத் தொடங்கினால் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் முடியும். முல்லைத்தீவில் இருந்து வருபவர்களுக்கு இரண்டு முறை கேட்க நேரம் இருக்கும். ஒட்டுசுட்டானில் இருந்தோ மல்லாவியில் இருந்தோ மாங்குளத்துக்குப் போகிறவர்கள், பாதி வழியில் அறுந்துபோகும் என்றால் ஆறு பாட்டாகக் குறையுங்கள்: நோ மோர் ட்ரீம், ஐ நீட் யூ, ஸ்பிரிங் டே, ஐடல், லைஃப் கோஸ் ஒன், யெட் டு கம். இது 22 நிமிடம். நேரமில்லை என்று ஸ்பிரிங் டேயை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

படி 2: வீட்டிலேயே இறக்கிவிடுங்கள்

ஏ35 வழியில் ஊருக்கும் ஊருக்கும் இடையில் சிக்னல் விழுந்துவிடும் இடங்கள் உண்டு, அதுவும் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது சரியாக நின்றுவிடும். ஆகவே முதல் நாள் இரவே போனில் இறக்கி வையுங்கள். ஸ்பொட்டிஃபையைப் பணம் கட்டாமல் பாவிக்கிறீர்கள் என்றால் அதில் இறக்க முடியாது. யூடியூபில் பணம் கட்டாவிட்டால் திரையை அணைத்தவுடன் பாட்டும் நின்றுவிடும், திரை எரிந்துகொண்டே இருந்தால் சார்ஜ் பின்னேரம் வரை தாங்காது. என்னுடைய ஆலோசனை, மார்ச் மாதம் ஒன்றுக்கு மட்டும் ஏதாவது ஒரு செயலிக்குப் பணம் கட்டுங்கள். அந்த ஒரு மாதத்துக்குள் பழைய பத்தும் புது ஆல்பமும் இரண்டும் வந்துவிடும். வீட்டில் இரண்டு மூன்று பேர் கேட்பவர்களாக இருந்தால் குடும்பத் திட்டத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்.

இன்னொன்று. நம் பஸ்களில் ஏற்கெனவே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், அதுவும் தலைக்கு மேலே இருக்கிற ஸ்பீக்கரில். அதை அமத்துவதற்காக உங்கள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், காது போய்விடும். ஸ்பீக்கருக்குக் கீழே இல்லாத சீற்றாகப் பார்த்து இருங்கள். ரப்பர் முனை வைத்த, காதுக்குள் இறுக்கமாக நிற்கும் இயர்போன் என்றால் குறைந்த சத்தமே போதும். ஏ9 வீதியைக் குறுக்கே கடக்கும்போது மட்டும் இரண்டையும் கழற்றிவிடுங்கள், எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும்.

படி 3: வரிசை

தொடக்கம் 'நோ மோர் ட்ரீம்', 2013. அந்த வருடம் ஜூன் 13தான் அவர்களுடைய அறிமுக நாள். கனத்த பேஸ், கோபமான ராப், கறுப்பு உடுப்பு. கேட்டதும் எல்லோருக்கும் பிடிக்காது, அதற்காகத் தாண்டவேண்டாம். உன் கனவு என்ன என்று பள்ளிக்கூடப் பிள்ளையைப் பிடித்துக் கேட்கிற பாட்டு இது. வீட்டார் வகுத்த வழியில், பரீட்சை, வேலை என்று தலை குனிந்து ஓடுகிற பிள்ளையைத்தான் கேட்கிறார்கள். காலை பஸ்ஸில் டியூசன் கொப்பியோடு நிற்கிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இதைக் கேட்டால், கொரியாவில் எழுதியது இங்கே வந்து நிற்பது தெரியும்.

அடுத்தது 'ஐ நீட் யூ', 2015. சுகாவின் கரகரத்த குரலோடு தொடங்கும். முதல் பாட்டில் இருந்த முறுக்கு இதில் இல்லை, உடைந்துபோன ஒருவனின் குரல். கொரியத் தொலைக்காட்சி இசை நிகழ்ச்சி ஒன்றில் அவர்கள் முதன்முதலாக முதலிடம் பெற்றது இந்தப் பாட்டுக்குத்தான். அதற்கு இரண்டு வருடம் காத்திருந்தார்கள். பெரிய நிறுவனத்தின் பிள்ளைகள் இல்லை அவர்கள், அப்போது அவர்களுடைய நிறுவனம் சின்னது.

மூன்றாவது 'ப்ளட் ஸ்வெட் அண்ட் டியர்ஸ்', 2016. ஜிமினின் மெல்லிய உயர்ந்த குரல் முதல் வரியிலேயே வரும். இது ஆசைக்குள் இழுபட்டுப்போவதைப் பற்றியது. நடனத்தையும் பார்க்கவேண்டும் என்றால் வீட்டில் பாருங்கள், பஸ்ஸில் காது போதும்.

நாலாவதில் கொஞ்சம் நிற்கப் போகிறேன். 'ஸ்பிரிங் டே', 2017 பெப்ரவரி 13இல் வந்தது, கொரியத்தில் 'போம்னால்', வசந்த நாள். ஆர்எம்மின் தாழ்ந்த குரல் 'பொகோ சிப்தா' என்று தொடங்கும். ஆங்கில மொழிபெயர்ப்பில் இதை உன்னை இழந்து தவிக்கிறேன் என்பதுபோலப் போட்டிருப்பார்கள். ஆனால் கொரியத்தில் 'பொதா' பார்ப்பது, 'சிப்தா' வேண்டும் என்றிருப்பது. அப்படியே தமிழில் சொன்னால் "பாக்கவேணும் போல இருக்கு". நாங்கள் வெளிநாட்டில் இருக்கிற அண்ணனிடம் போனில் சொல்வது இதைத்தான், வேறு எந்தச் சுற்றுவழியும் தேவையில்லை. ஒருமுறை பக்கத்தில் இருந்த அக்கா, என் வேலைத்தலத்துக்கே வருபவர், "என்ன பிள்ளை கேக்கிறாய்?" என்று கேட்டபோது ஒரு பக்க இயர்போனை அவரிடம் கொடுத்தேன். இந்தப் பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார், சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியும் இயர்போனைக் கழற்றவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பியபடியே பரந்தன் வரைக்கும் வந்தார்.

தருமபுரம் தாண்டி முரசுமோட்டைப் பக்கம் வரும்போது எனக்கு இது ஓடும். இந்த மாதங்களில் அருவி வெட்டி முடிந்த வயல்கள், இடைக்கிடை இன்னும் நிற்கிற மெஷின்கள், கொக்குகள். பாட்டில் பனி, ரயில், நீண்ட குளிர்காலம். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லைத்தான், ஆனாலும் பொருந்துகிறது. கொரியாவின் மெலன் என்கிற இசைச் செயலியின் தரவரிசையில் இது பல வருடங்களாக விழாமல் நின்ற பாட்டு. காத்திருப்பதைப் பற்றிய பாட்டு அது, அவர்களே சேவைக்குப் போனபிறகு ரசிகர்கள் காத்திருந்த காலத்தின் பாட்டாகவும் ஆகிவிட்டது.

அடுத்த இரண்டையும் வேகமாகச் சொல்கிறேன். 'டிஎன்ஏ', 2017: விசில் சத்தம், கிற்றார், பிறகு வியின் ஆழமான குரல். அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையான பில்போர்ட் ஹொட் 100க்குள் அவர்கள் முதலில் நுழைந்தது இதில். 'ஃபேக் லவ்', 2018: அதே பட்டியலில் முதல் பத்துக்குள் அவர்களைக் கொண்டுபோனது, இது வந்த ஆல்பம், ஆல்பங்களுக்கான தரவரிசையான பில்போர்ட் 200இல் முதலிடம் பெற்ற முதல் கொரிய ஆல்பம். ஒருவருக்காகத் தன்னையே மாற்றி மாற்றிக் கடைசியில் தான் யார் என்று தெரியாமல் போனவனின் பாட்டு. டிஎன்ஏயின் சந்தோசத்துக்கு அடுத்ததாக இதைக் கேட்பதில்தான் அதன் கசப்பு ஏறும், அதனால்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஏழாவது 'ஐடல்', 2018. எங்கள் ஆட்களுக்கு இதுதான் சட்டென்று பிடிக்கும் என்பது என் அனுபவம். கொரியக் கிராமியப் பாட்டில் பாடகரை உற்சாகப்படுத்தச் சொல்கிற 'ஒல்சு' என்கிற சொல் இதில் வரும். அதோடு 'தொங் கி தொக் குங்' என்று ஒரு வரி வரும். அதற்கு அகராதியில் அர்த்தம் தேடவேண்டாம். அது ஜாங்கு என்கிற கொரிய மேளத்தை வாயால் சொல்வது, நம் தவில்காரர் 'தகிட தகதிமி' என்று சொற்கட்டைச் சொல்வதுபோல. இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் அடிக்கிற, நடு ஒடுங்கிய மேளம் அது, உடுக்கைப் பெரிதாக்கிப் படுக்கவைத்ததுபோல இருக்கும். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் மேளச் சத்தத்துக்கு நடுவில் நின்ற எவருக்கும் இந்தப் பாட்டு அந்நியமாக இருக்காது. தங்கள் மண்ணின் சத்தத்தை உலக மேடையில் வெட்கமில்லாமல் அடித்துக் காட்டியது இதில்தான். புது ஆல்பத்தின் பெயரைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவு வந்ததும் இதுதான்.

எட்டாவது 'டைனமைட்', 2020 ஓகஸ்ட் 21. முழுக்க ஆங்கிலம். ஹொட் 100இல் அவர்களுடைய முதலாவது முதலிடம். கொரோனாவில் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது சனத்துக்கு ஒரு தெம்பாக வெளியிட்டார்கள். நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள், கல்யாண வீட்டு வீடியோவில்கூட நான் கேட்டிருக்கிறேன். பரந்தன் சந்தியில் பாதி பஸ் இறங்கி ஏறும் அந்தச் சலசலப்புக்கு இது சரியாக இருக்கும்.

ஒன்பதாவது 'லைஃப் கோஸ் ஒன்', அதே 2020 நவம்பர் 20. பெரும்பகுதி கொரியத்தில் இருக்கிற ஒரு பாட்டு ஹொட் 100இல் நேராக முதலிடத்தில் நுழைந்தது அதுதான் முதல் தடவை. ஆனால் எனக்கு அந்த எண்ணைவிடப் பாட்டின் அமைதிதான் பெரிது. ஒருநாள் உலகம் நின்றுபோனது என்று ஜங்குக் தொடங்குகிறார், யாரையும் தேற்றுவதற்காகக் குரல் உயர்த்தவில்லை. டைனமைட்டுக்கு மூன்று மாதத்துக்குள் இதையும் செய்தவர்கள் என்று தெரியவேண்டும், இல்லாவிட்டால் இவர்களைத் துள்ளல் பாட்டுக்காரர் என்று மட்டும் நினைத்துவிடுவீர்கள்.

பத்தாவது 'யெட் டு கம்', 2022 ஜூன் 10. இடைவெளிக்கு முந்தின ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு. எங்கள் நல்ல காலம் இனித்தான் என்று சொல்லிவிட்டு, சில நாட்களிலேயே ஆளுக்கொரு வழியில் தனிப்பாட்டுகளுக்கும் பிறகு சேவைக்கும் போனார்கள். கரடிப்போக்கு தாண்டி கிளிநொச்சிக்குள் பஸ் நுழையும்போது இது முடியும். இந்தப் பட்டியலை இதற்கு மேல் நீட்டவேண்டாம், இந்தப் பாட்டில் இருந்துதான் மார்ச் 20 தொடங்குகிறது.

படி 4: மூன்று சுற்று

முதல் சில நாட்கள் ஒன்றும் பார்க்காமல் சும்மா கேளுங்கள். மொழி விளங்கவில்லையே என்று பதறவேண்டாம், எது காதில் ஒட்டுகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

அடுத்த சுற்றில் முதல் நாள் இரவு இரண்டு பாட்டின் மொழிபெயர்ப்பை மட்டும் வாசித்துவிட்டு ஏறுங்கள். பத்தையும் ஒரே இரவில் வாசித்தால் ஒன்றும் தங்காது. கொரியம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரத்து மொழி இல்லை: அங்கேயும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும், அப்பாவுக்கு 'அப்பா'வே, அம்மாவுக்கு 'ஒம்மா', நான் என்பதற்கு 'நா'. ஆகவே ஒரு வரியின் கடைசிச் சொல்லைப் பிடித்தால் பாதி விளங்கிவிடும்.

மூன்றாவது சுற்றில் குரல்களைப் பிரித்துப் பழகுங்கள். எந்தப் பாட்டை யார் தொடங்குகிறார் என்று மேலே இடையிடையே சொல்லியிருக்கிறேன், அதைப் பிடித்துக்கொண்டாலே ஆர்எம், சுகா, ஜிமின், வி, ஜங்குக் ஐந்து பேரும் பழகிவிடுவார்கள். ஜின்னும் ஜே-ஹோப்பும் கொஞ்சம் பிந்தித்தான் பிடிபடுவார்கள். அவசரப்படவேண்டாம், ஒருநாள் கூட்டுக்குரலுக்குள் இருந்து ஜின்னின் குரல் தனியாகக் கேட்கும், அன்றைக்கு நீங்கள் பக்கத்துச் சீற்றில் யாராவது தெரிந்தவர் இருக்கிறாரா என்று தேடுவீர்கள்.

பாட்டுக்கு நடுவில் ரசிகர்கள் கத்துகிற பெயர் வரிசையையும் இதோடு பாடமாக்குங்கள்: கிம் நம்ஜூன், கிம் சொக்ஜின், மின் யுன்கி, ஜொங் ஹோசொக், பார்க் ஜிமின், கிம் தேஹ்யொங், ஜொன் ஜொங்குக், பிடிஎஸ். முறையே ஆர்எம், ஜின், சுகா, ஜே-ஹோப், ஜிமின், வி, ஜங்குக். பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்க்கலாம், முரசுமோட்டையில் இருந்து பரந்தன் வருவதற்குள் பாடமாகிவிடும்.

நேரம் மிஞ்சினால் பின்னேரம் திரும்பும்போது தனிப்பாட்டுகளில் இரண்டைக் கேளுங்கள், ஜிமினின் 'லைக் க்ரேசி', ஜங்குக்கின் 'செவன்'. இரண்டும் 2023, இரண்டும் ஹொட் 100இல் முதலிடம். மற்றவர்களுடையதை ஆல்பம் வந்த பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்.

படி 5: பெயருக்குரிய பாட்டு

'அரிராங்' என்பது கொரியாவின் பழைய நாட்டுப்பாட்டு. மலைக்கணவாய் ஒன்றைக் கடந்து போகிற ஒருவரைப் பிரிந்தவர் பாடுவது என்று பொதுவாகச் சொல்வார்கள். யுனெஸ்கோ 2012இல் தென்கொரியாவின் அரிராங்கையும் 2014இல் வடகொரியாவின் அரிராங்கையும் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. எல்லை போட்டு இரண்டாகப் பிரிந்த நாட்டில் இரண்டு பக்கமும் பாடுகிற பாட்டு இது. ஏறக்குறைய 60 வகை, 3,600 வடிவங்கள் இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் அருவி வெட்டுப் பாட்டும் தாலாட்டும் ஊருக்கு ஊர், பாடுகிற ஆளுக்கு ஆள் மாறுவதை நினைத்தால் அது எப்படி என்று விளங்கும். பிடிஎஸ் 2016இல் பாரிஸ் மேடையில் இதைப் பாடியிருக்கிறார்கள். ஆல்பம் வருவதற்கு முந்தின வாரம், யாராவது ஒரு வயதான கொரியப் பெண் பாடிய அரிராங்கைத் தேடி ஒருமுறை கேளுங்கள், மேளம் இல்லாமல், குரல் மட்டும். உங்கள் அம்மம்மாவையும் பக்கத்தில் இருத்திக் கேட்கவைத்தால் இன்னும் நல்லது.

படி 6: அன்றைய நாள்

கொரிய நேரம் எங்கள் நேரத்தைவிட மூன்றரை மணித்தியாலம் முன்னால். அறிவிப்பில் கே.எஸ்.டி. என்று எந்த நேரம் போட்டிருந்தாலும் மூன்றரையைக் கழித்துவிடுங்கள். டைனமைட் வந்ததும் அவர்களுடைய 'பட்டர்' பாட்டு வந்ததும் கொரியாவில் பகல் 1 மணி, எங்களுக்குக் காலை 9.30. வெள்ளிக்கிழமை அந்த நேரம் எல்லோரும் வேலையிலோ வகுப்பிலோ இருப்போம். களவாக மேசைக்குக் கீழே ஒரு பாட்டின் பாதியைக் கேட்டு முதல் தடவையை வீணாக்காதீர்கள், மூன்றே முக்கால் வருடம் காத்தாயிற்று. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் நல்ல சிக்னல் உள்ள இடத்தில் நின்று முழு ஆல்பத்தையும் இறக்குங்கள், போனில் இடம் போதாவிட்டால் பழைய வீடியோக்களை முதல் நாளே அழித்து வையுங்கள், சார்ஜ் நிறைய இருக்கட்டும்.

பின்னேரம் பஸ்ஸில் ஏறி, ஸ்பீக்கருக்குத் தூரத்தில் ஒரு ஜன்னல் சீற் பிடித்து, முதல் பாட்டில் இருந்து வரிசையாக விடுங்கள். ஷஃபிள் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன கேட்கிறீர்கள் என்று கேட்டால் ஒரு பக்கத்தைக் கழற்றிக் கொடுங்கள்.